பாதியில் நின்ற சண்டைகள்

"எங்க போறீங்க? நான் இன்னும் பேசியே முடிக்கல."

"தோ, ரெண்டே நிமிஷம். ஒரு தம் போட்டுட்டு வந்துடறேன்."

"சண்டைக்கு நடுவுலயா?"

"நடுவுலதாம்மா தேவைப்படுது. இப்ப போகலைன்னா நான் ஏதாவது சொல்லிடுவேன். அப்புறம் நீ அழுவே. தேவையா?"

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு இது. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை கேட்காமல், அவன் தன் நண்பர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவள் பேச ஆரம்பித்ததுமே எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தான். தோள் இறங்கி, முகம் தெளிந்து, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் போல் இருந்தான்.

"ம், சொல்லு. என்னமோ சொல்லிட்டிருந்தியே?"

"நீங்க எழுந்து போனீங்களே, அங்கயே நிக்குது."

"அட, இன்னும் அங்கயேவா நிக்கறே? நான் மறந்தே போயிட்டேன்!"

சிரித்தான். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். நண்பர்களுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எல்லாம் சரிதான். ஆனால் அவள் சொல்ல வந்தது மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. என்னைத் திட்டுவதென்றாலும் எதிரில் உட்கார்ந்து திட்டுங்கள், எழுந்து மட்டும் போகாதீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. வாய் வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள்.

விழுங்கியதற்குக் காரணம் இருந்தது. அவள் வளர்ந்த வீட்டில் அப்பாவுக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும். படியேறி வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய சாயங்காலம் எப்படிப் போகும் என்று ஜோசியம் சொல்லப் பழகியவள் அவள். கோபம் வந்தால் தானாகவே எழுந்து வெளியே போய், சிரித்த முகத்தோடு திரும்பி வருகிற மனிதன் அவள் கண்ணுக்கு வரமாகத் தெரிந்தான். வரத்திடம் போய் யாராவது குறை சொல்வார்களா? அவன் விரலிடுக்கில் புகைகிற அந்த வெள்ளைக் குச்சிதான் தன் வீட்டு அமைதிக்குக் காவல் என்று நம்பினாள். நம்பியபடியே பல வருஷங்களை ஓட்டியும்விட்டாள்.

இப்போது அந்தக் காவல் போய்விட்டது. அவன் சிகரெட்டை விட்டு இன்று ஐந்தாவது நாள்.

இருவரும் சேர்ந்து ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் பல் லேப் நடத்தினார்கள். உடைந்த பல்லுக்கும் சொத்தையான பல்லுக்கும் மேலே மாட்டுகிற கேப் செய்கிற இடம். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர்கள் செய்து அனுப்புவார்கள். முன்னறையில் அவளுடைய மேஜை, போன், டெலிவரிக்குத் தயாராக இருக்கும் சின்னச் சின்ன டப்பாக்கள். உள்ளறையில் அவனுடைய விளக்கு, தூரிகைகள், செராமிக் பொடி நிரம்பிய குப்பிகள், மூலையில் அந்தப் பல்லைச் சுட்டெடுக்கிற ஃபர்னஸ். அதற்கும் பின்னால் ஒரு இரும்புக் கதவு. அதைத் திறந்தால் கட்டிடத்தின் பின்படிக்கட்டு. அவன் புகை பிடித்த இடம் அதுதான்.

கிளினிக்குகளில் அவனை 'மாஸ்டர்' என்பார்கள். அவளுக்குப் பெயர் 'கலர் மேடம்'. பல்லுக்குப் பல் நிறம் மாறும். ஒரே பல்லிலும் ஈறோரம் ஒரு நிறம், நுனியில் ஒரு நிறம். நோயாளியின் வாய்க்குப் பக்கத்தில் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எது பொருந்தும் என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எதிரில் வந்து சிரிப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பார் என்றுகூடச் சொல்லிவிடுவாள். சொந்தப் புருஷனின் வாயை மட்டும் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தாள்.

அதைப் பார்த்தது அவர்களுக்கு வேலை கொடுக்கிற டாக்டர். ஏதோ ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தவனை, "இருங்க மாஸ்டர், அப்படியே வாயைத் திறங்க," என்றார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம். சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கணவனும் மனைவியும் சாப்பிட்டதும் தூங்கியதும் பெயருக்குத்தான். நல்லவேளை, பயந்தபடி இல்லை. டாக்டர் அதற்காகச் சிரித்துவிடவில்லை.

"இந்தத் தடவை ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கு. நீங்க புகையை விடலைன்னா, அடுத்த தடவையும் இதையே சொல்வேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அவன் அதற்கு முன்னாலும் இரண்டு முறை விட்டுப் பார்த்தவன். இரண்டு முறையும் ஒரு வாரம் தாண்டவில்லை. மன உறுதி இல்லாத ஆள் என்று உறவில் எல்லோரும் கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு முறையும் கடைக்குப் போய்ப் பாக்கெட் வாங்கி வந்து அவன் மேஜைமேல் வைத்தது அவள்தான். அவன் கேட்கவில்லை. கத்தினான், அவ்வளவுதான். அவன் குரல் உயர்ந்ததும் அவளுக்குக் கை கால் ஜில்லிட்டுப் போய், இந்தச் சத்தம் நின்றால் போதும் என்று ஆகிவிடும். பாக்கெட்டைப் பார்த்ததும் சத்தம் நின்றது. அவள் கண்டது அதைத்தான்.

இந்த முறை டாக்டரே அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மாளுக்கு இவர்கள் வயதுதான் இருக்கும். குரல் கட்டையாக இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, எடுத்த எடுப்பில், "நானும் நல்லாப் பிடிச்சவதான். அதனால என்கிட்ட கதை விடாதீங்க," என்றாள்.

அவன் கதை விட்டான். "டென்ஷன் மேடம். எங்க வேலை அப்படி. பிடிச்சா மனசு அமைதியாயிடுது."

"ஆகத்தான் செய்யும். இழுத்த சில நொடியில நிக்கோட்டின் மூளைக்குப் போயிடுது. அங்க அதுக்குன்னே கதவு மாதிரி சில இடங்கள் இருக்கு. அதைப் போய்த் தட்டினதும் டோபமைன்னு ஒண்ணு சுரக்கும். நல்ல சாப்பாடு, நல்ல செய்தி, பிடிச்சவங்க முகம், இதுக்கெல்லாம் சுரக்கறது அதுதான். தட்டத் தட்ட மூளை இன்னும் நிறைய கதவு வெச்சுக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் தட்டலைன்னா எல்லாக் கதவும் சேர்ந்து கூச்சல் போடும். எரிச்சல், படபடப்பு, ஒண்ணுலயும் மனசு நிக்காது. நீங்க டென்ஷன்னு சொல்றதுல பாதி அந்தக் கூச்சல்தான்."

"ஆனா பிடிச்சா நின்னுடுதே?"

"ஒருத்தன் உங்க வீட்டுக் காலிங் பெல்லை அழுத்திக்கிட்டே நிக்கறான்னு வெச்சுக்குங்க. நடுநடுவே கையை எடுக்கறான். அப்பாடா, எவ்வளவு அமைதி, எவ்வளவு நல்ல மனுஷன்னு நீங்க அவனுக்குக் கும்பிடு போடறீங்க."

அவன் சிரித்துவிட்டான். அவளால் முடியவில்லை. உள்ளே எதுவோ இடம் மாறியது. சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்னால் அவன் கதாநாயகியைத் திட்டித் தீர்ப்பான். இடைவேளையில் வெளியே போய்விட்டு வந்தால் அதே பெண் நல்ல பெண் ஆகிவிடுவாள். நீண்ட பஸ் பயணங்களின் முடிவில் சண்டை. உறவுக்காரர் வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் வழியில் சண்டை. அவள் யோசிக்க யோசிக்க, வருஷக்கணக்கான சண்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து தங்கள் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போயின. எல்லாம் அவன் வெகுநேரம் பிடிக்க முடியாமல் இருந்த நேரங்கள். காவல்காரன் என்று அவள் நம்பிய அந்தச் சிகரெட்தான் கல்லெறிந்துகொண்டிருந்திருக்கிறது.

"முதல் வாரம் கொஞ்சம் மோசமாத்தான் இருக்கும்," என்றாள் ஆலோசகர், தோளில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டிகளை எடுத்து வைத்தபடி. "இது பாதியைப் பார்த்துக்கும். மீதிக்கு நீங்க இருக்கணும். வாரம் போகப் போக மூளை தன்னால சரியாகும். பிடிச்ச காலத்தைவிட மனசு லேசா இருக்கும், நான் கேரண்டி." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினாள். "நீங்க பயந்த சுபாவமோ?"

"அப்படியெல்லாம் இல்லைங்க," என்றாள் அவள், மிகவும் பயந்துபோய்.

இன்று காலையிலிருந்து அந்தப் பயத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது.

டிவியில் செய்தி வாசிக்கிற பெண் ஒருத்தி, குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல் இரண்டையும் உடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் அவள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். கேப் இரண்டும் சாயங்காலத்துக்குள் கிளினிக்குக்குப் போக வேண்டும். இவனுக்கு இது சாதாரண வேலை. சிகரெட்டை விட்ட பிறகு வந்த முதல் ஃபர்னஸ் வேலையும் இதுதான். பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, ஈரத்தை ஒற்றி எடுத்து, ஃபர்னஸில் வைப்பான். வெந்ததும் அது பீப் என்று கூப்பிட்டுத் தானே வாயைத் திறக்கும். பழைய ஃபர்னஸ் அது. வேக வைப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆற வைப்பது நம் பொறுப்பு.

முதல் ஜோடி விரிசல் விட்டது. விளக்கில் பிடித்துப் பார்த்தால் நடுவில் மயிரிழையாக ஒரு கோடு.

"பொடி பழசு. தேதி பார்த்து வாங்கறதில்லையா நீ?" என்றான். அவள் குப்பியைத் திருப்பித் தேதியைக் காட்டினாள். புதுசு. அதற்கும் அவனுக்குக் கோபம் வந்தது.

சட்டைக்கு மேலாகத் தோளில் ஒட்டிய நிக்கோட்டின் பட்டியைச் சொறிந்துகொண்டே இரண்டாவது ஜோடியை ஆரம்பித்தான். முன்னறையில் அவள் டப்பா ஒட்டும் டேப்பைக் கிழித்த சத்தம்கூட அவனுக்குப் பொறுக்கவில்லை. "அதை அப்புறம் பண்ணக் கூடாதா?" என்றான். போன் அடித்தது. "எடு அதை!" என்றான். எடுத்தாள். "மெதுவாப் பேசு!" என்றான். கிளினிக்கிலிருந்துதான்: எப்போது வரும், அந்தம்மா இப்போதே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஃபர்னஸ் கூப்பிட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டிக் என்று ஒரு சத்தம். ரொம்பச் சின்னச் சத்தம்தான். 

"போச்சு! இதுவும் போச்சு!" இடுக்கி சுவரில் பட்டுத் தெறித்தது. அவள் ஓடிப்போய் வாசலில் நின்றாள். "என்ன பார்க்கறே? ஒரு மனுஷனை நிம்மதியா வேலை செய்ய விடறியா? நிழல் மாதிரி வந்து வந்து நிக்கறே! போ அந்தப் பக்கம்!"

அவள் போனாள்.  அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் பண்ணினாள். அவனுக்குத் தங்கை, வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, உயிரோடதான் இருக்கீங்களா? அண்ணன் எப்படி?"

"அப்படியேதான் இருக்கார்."

"குரலே சரியில்லையே. கடிக்கறானா? பாவம் அண்ணி நீங்க, அவனும் பாவம். ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க. ஒண்ணுல என்ன ஆயிடப் போகுது? இன்னிக்கு வேலை முடியட்டும், திங்கள்கிழமையிலேர்ந்து விடட்டும்."

"டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஆனா அவன் கத்திக் கத்தி நெஞ்சு வலி வந்துட்டா? அதையும் யோசிங்க."

யோசித்தாள். உள்ளறையில் எதையோ தட்டிக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு வயது எட்டா, முப்பத்தெட்டா என்று அந்த நிமிஷம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கைப்பையை எடுத்துக்கொண்டு, அவனிடம் சொல்லாமல் கீழே இறங்கினாள்.

தெருமுனைக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். வாயைத் திறக்கிற வேலைகூட இல்லை. "சாரை நாலைஞ்சு நாளாக் காணோமே? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல. நல்லா இருக்கார்."

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்று சில்லறை தேடினார். டப்பாவில் இல்லை. பக்கத்துக் கடைக்குப் போய் மாற்றி வருவதாகச் சொல்லி நடந்தார்.

அவள் பாக்கெட்டோடு நின்றாள். கடையோரமாக ஒரு வேன் டிரைவர் அப்போதுதான் சிகரெட்டைப் பற்ற வைத்தான். வேறு வேலை இல்லாததால் அவனையே பார்த்தாள். முதல் இழுப்பு. கண் மூடல். தோள் இறங்கியது. வேன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு இழுப்பு. அவனுக்கு அவசரமே இல்லை. கடைசிவரை பிடித்து, செருப்பால் நசுக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு வண்டியில் ஏறினான். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

இத்தனை வருஷத்தில் அவள் புருஷன் ஃபர்னஸ் ஆறுவதற்குக் கடிகாரம் பார்த்ததே இல்லை. பீப் சத்தம் கேட்டதும் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு பின்படிக்குப் போவான். ஒன்றைப் பிடித்து முடித்துவிட்டு வருவான். கேப்பும் பதமாக ஆறியிருக்கும். எடுப்பான். பிடித்த நாட்களில் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. சிகரெட்தான் அவனுக்குக் கடிகாரம். இந்த ஐந்து நாளாக அந்தக் கடிகாரம் இல்லை. போவதற்கு இடமும் இல்லை. எதிரிலேயே நின்றுகொண்டு, பொறுமையில்லாமல், சூட்டோடு சூடாக வெளியே இழுக்கிறான். பொடியிலும் குற்றமில்லை, கையிலும் குற்றமில்லை.

கடைக்காரர் சில்லறையோடு வந்தார். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் குரல் இன்னும் காதிலேயே நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று கை அதைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

மேலே வந்தபோது மூன்றாவது ஜோடி ஃபர்னஸுக்குள் இருந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். நடுக்கத்தை மறைக்கிறான் என்று புரிந்தது.   போன் அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

பீப்.

ஃபர்னஸ் மெதுவாக வாய் திறந்தது. தட்டின்மேல் இரண்டு முன்பற்களும் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று நின்றன. அவன் பாய்ந்து இடுக்கியை எடுத்தான்.

"தொடாதீங்க."

"என்ன?"

"ஆறட்டும். நீங்க சீக்கிரம் எடுக்கறீங்க, அதான் விரிசல் விடுது."

"எனக்கே தொழில் சொல்லித் தர்றியா? எத்தனை வருஷமா இதைப் பண்றேன்!"

"பண்றீங்க. ஆனா எவ்வளவு நேரம் ஆறணும்னு உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க பார்ப்போம், எத்தனை நிமிஷம்?"

அவன் வாயைத் திறந்தான்.  எத்தனையோ ஆயிரம் பல் செய்தவனுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

"ஒரு சிகரெட் பிடிக்கற நேரம்," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு அது ஒண்ணுதான்."

இடுக்கி காற்றிலேயே நின்றது. அவன் ஃபர்னஸைப் பார்த்தான், இரும்புக் கதவைப் பார்த்தான், மறுபடி ஃபர்னஸைப் பார்த்தான். உண்மை உறைப்பது முகத்தில் தெரிந்தது. அது அவனைச் சாந்தப்படுத்தவில்லை. இன்னும் ஏற்றிவிட்டது.

"ஆக, அது இல்லாம எனக்கு வேலைகூட வராது. அதானே சொல்ல வர்றே?"

"நான் அப்படிச் சொல்லல. கடிகாரத்தை..."

"எங்க போயிருந்தே இப்ப?"

அவள் கை தன்னையறியாமல் பையை இறுக்கிக்கொண்டது. அது போதும் அவனுக்கு. இடுக்கியை மேஜைமேல் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"எடு வெளியே."

எடுத்தாள். இருவருக்கும் நடுவில், பொடிக் குப்பிகளுக்குப் பக்கத்தில், பாக்கெட் வந்து உட்கார்ந்தது. மேலே சுற்றிய செலஃபன் தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

"மூணாவது தடவை," என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "முதல் தடவையும் நீதான் வாங்கிட்டு வந்தே. ரெண்டாவது தடவையும் நீதான். நான் கேட்டேனா? ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கேனா? வீட்டுல எல்லாரும் என்னை மன உறுதி இல்லாதவன்னு சொன்னப்ப வாங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்? உன்னை யார்கிட்டயாவது காட்டிக் குடுத்தேனா?"

 அவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"சொல்லு. நான் கத்தறதைவிட நான் சாகறது உனக்குத் தேவலையா?"

"ஐயோ, என்ன பேச்சு இது!"

"பின்ன என்ன? ராத்திரி கையெல்லாம் நடுங்கிட்டுப் படுத்திருக்கேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறே. நான் குரலை உயர்த்தினா நீ காணாமப் போயிடறே. திரும்பி வரும்போது கையில இது! இதைத் தின்னுட்டு நல்ல பையனா இருன்னு சொல்ற மாதிரி!"

"பயமா இருக்குங்க எனக்கு!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. அவ்வளவு உரக்க அவள் பேசி அவனும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. "உங்க குரல் ஏறினா எங்கப்பா வந்து நிக்கற மாதிரி இருக்கு! உங்களை எனக்குத் தெரியும், நீங்க கை ஓங்க மாட்டீங்க, அது புத்திக்குத் தெரியுது, கைக்கும் காலுக்கும் தெரிய மாட்டேங்குது! நீங்க மட்டும் என்னவாம்? ஏதாவது சொல்ல ஆரம்பிச்சாப் போதும், எழுந்து போயிடுவீங்க. திரும்பி வந்து சிரிப்பீங்க. உங்களுக்கு முடிஞ்சுடும். எனக்கு? நான் யார்கிட்ட முடிப்பேன்? பால்கனிக் கதவுகிட்டயா? நம்ம வீட்டுல ஒரு சண்டையாவது முழுசா நடந்திருக்கா? எல்லாம் பாதி! எல்லாம் பாதிலயே நிக்குது!"

"நான் போனது உனக்காகத்தான்! உன்னை அழ விடக் கூடாதுன்னு!"

"நீங்க போனப்புறம் நான் அழலைன்னு யார் சொன்னா?"

 அவன் மார்பு ஏறி இறங்கியது. நெற்றியில் வியர்வை. கண்கள் அவளை விட்டு விலகி மேஜைமேல் இருந்ததற்குப் போயின. அங்கேயே நின்றன. ஒவ்வொரு கதவாகத் தட்டச் சொல்லி உள்ளே எத்தனை கூச்சல் கேட்கிறதோ, அவளுக்குத் தெரியவில்லை. அவன் தாடை மட்டும் இறுகி இறுகித் தளர்ந்ததைப் பார்த்தாள். அந்தக் கன்னத்துக்குள்தான் அந்த வெள்ளைப் படலம் இருந்தது.

அவன் கை நீண்டது. பாக்கெட்டை எடுத்தது.

"இதுக்கு மேல பேசினா நான் ஏதாவது தப்பாச் சொல்லிடுவேன்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். இரும்புக் கதவை நோக்கி நடந்தான். ஃபர்னஸில் பற்களின் ஆரஞ்சு நிறம் மங்கி வெளுக்க ஆரம்பித்திருந்தது. முன்னறையில் போன் மறுபடி அடித்தது. அவன் தாழ்ப்பாளில் கை வைத்தான். துருப்பிடித்த தாழ்ப்பாள், இரண்டு முறை அசைத்தால்தான் திறக்கும். ஒரு முறை அசைத்தான்.

அவள் ஓடிப்போய் மறிக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"போகாதீங்க. தப்பாவே சொல்லுங்க, பரவாயில்ல. நான் அழுவேன், அழுதுட்டு நானும் திருப்பித் திட்டுவேன். ஆனா இந்த ஒரு சண்டையாவது முடியற வரைக்கும், என்னை விட்டுட்டு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போகாதீங்க. என்கூட இங்கயே இருங்க."